ஜவ்வாதுமலைத் தடங்கள் – 5: பெரியண்ணனும் சின்னண்ணனும்

மலை ஏறுவதற்கு முன் அடிவாரத்தில் ஒருநாள் தங்க வேண்டும் என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்துக்குள் நுழைந்தபோது கார்த்திகைப் பனி இன்னும் விலகவில்லை.

ஜெபாலய வாசலில் செருப்பைக் கழற்றினேன். கோபுரமும் மண்டபமுமாக நம்மூர்க் கோயில் அமைப்பிலேயே கட்டப்பட்டது. சிலுவையைப் பார்த்த பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று உறைக்கும். பெஞ்சு கிடையாது. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். குளிர் முழங்காலில் ஏறியது. வெளியே யாரோ சருகு கூட்டும் சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. வெகுநேரம் எழவில்லை.

கிறிஸ்தவத் துறவி என்றால் வனத்து அந்தோணியாரும் எகிப்துப் பாலைவனமும்தான் நமக்கு நினைவுக்கு வரும். அயர்லாந்துக் கரைக்கு அப்பால், கடல் நடுவே நிற்கும் ஸ்கெல்லிக் மைக்கேல் பாறையில் கல்குடில் கட்டி வாழ்ந்தவர்களும் உண்டு. நம் பக்கத்திலேயே, பிரான்சின் பிரிட்டனி கடலோரத்திலிருந்து வந்த ஆங்ரி லெ சோ என்ற அபிஷிக்தானந்தர், 1952இல் அருணாசலக் குகையில் மௌனமாக இருந்தார். எல்லாருமே மனிதர்களை விட்டு விலகிப் போனவர்கள்.

1921இல் இங்கே வந்து இந்த ஆசிரமத்தைத் தொடங்கிய இருவர் போன திசை வேறு. சவரிராயன் ஜேசுதாசன், எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் இருவருமே மருத்துவர்கள். தமிழர் பெரியண்ணன், ஸ்காட்லாந்துக்காரர் சின்னண்ணன். ஊர் அவர்களை அப்படித்தான் கூப்பிட்டது. கதர் உடுத்தினார்கள், சைவம் சாப்பிட்டார்கள், மணம் செய்துகொள்ளவில்லை. துறவுக்கு உரிய எல்லாம் இருந்தன, கதவை மூடிக்கொள்வது மட்டும் இல்லை. ஜெபத்தை முடித்து எழுந்தால் வாசலில் நோயாளிகள். எனக்கு இந்தத் துறவுதான் பெரிதாகப் படுகிறது. குகையில் தனிமை தானாகவே கிடைக்கும். புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டே மனத்தைத் தனியாக வைத்திருக்க எவ்வளவு பழக வேண்டும்!

சின்னண்ணனின் குடும்பம் ஸ்காட்லாந்தில் கம்பளி நூல் ஆலை நடத்திய குடும்பம். அந்த வீட்டுப் பிள்ளை 1932இல் சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த இடத்தில் கதரோடு நின்று போலீஸ் தடியடி பட்டார், சாயத் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். வெள்ளைக்காரர் ஒருவருக்கு நேர்ந்த இந்தக் கதி லண்டன் பார்லிமென்ட் வரைக்கும் போனது. அடிபட்டவர் திருப்பத்தூரை விட்டுவிடவில்லை.

மதியம் ஆலங்காயம் வழியாக பஸ் ஏறினேன். காவலூர் வந்ததும் வானாய்வகத்தின் வெள்ளைக் கூண்டுகள் மரங்களுக்கு மேலே எட்டிப் பார்த்தன. மேலே போகப் போக காற்றில் ஈரம். ஜமுனாமரத்தூரில் இறங்கி நடந்தால் வழியெல்லாம் சாமை அறுப்பு. கதிர் சிறுத்துத் தலை கவிழ்ந்திருக்கிறது, தொட்டால் மணி கொட்டிவிடும் போல. ஓர் அக்கா அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு, "வெயில்ல நிக்காதீங்கண்ணா, இப்படி வாங்க" என்று பலா நிழலுக்குக் கூப்பிட்டார். சொம்பில் கூழ் வந்தது.

அங்கே உட்கார்ந்திருந்த மலையாளிப் பழங்குடிப் பெரியவரிடம், அந்தக் காலத்தில் உடம்புக்கு முடியாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"டோலி கட்டுவோம் தம்பி. கழியில போர்வையைக் கட்டி, நாலு பேர் மாத்தி மாத்தித் தூக்கணும். விடியக்காலம் கிளம்புனா பொழுது சாயத்தான் கீழ போவோம். எங்கப்பனை அப்படித்தான் கொண்டுபோனேன்."

"எந்த வழியில?"

அவர் எழுந்து வந்து கையை நீட்டினார். சரிவில் புதர் மூடிக் கிடந்த ஒற்றையடிப் பாதை, பள்ளத்தாக்குக்குள் இறங்கிக் காணாமல் போனது.

"ரோடு வந்த பிறகு அதுல ஆடுதான் போவுது" என்றார்.

(தொடரும்)