இரண்டு திறப்புகள்

"மேலதிகாரி பக்கத்திலேயே நின்று பார்த்தால் வேலை செய்வீர்களா?" என்று நேர்முகப் பரீட்சையில் கேட்பார்கள். "ஆம்" என்றால் சுயபுத்தியற்றவன், "இல்லை" என்றால் அடங்காதவன் என்று எண்ணிவிடுவார்களோ என நாவு தடுமாறும்.

வங்கியொன்றில் என்னிடமும் கேட்டார்கள். வாப்பாவின் புடவைக் கடையில் அவர் கண்முன்னே கணக்கெழுதிப் பழகியவன் நான். "பெட்டகத்தை இரண்டு திறப்புகளால் இருவர் சேர்ந்துதானே திறக்கிறீர்கள்? காசு குறைந்தால் பழி ஒருவர் தலையில் மட்டும் விழாது. அடுத்தவரிடமுள்ள திறப்பு என்னையும் காக்கிறது" என்றேன்.

பிறகு நானும் ஒன்று கேட்டேன்: "என் பிழையைக் கண்டால் தனியே சொல்வீர்களா, எல்லோர் முன்னிலையிலுமா?"

"கதவைச் சாத்திவிட்டுச் சொல்வேன்" என்றார் முகாமையாளர். அந்தப் பதிலை நம்பித்தான் சேர்ந்தேன்.

திருத்த நிற்கும் கண்ணும் உண்டு. தலைகுனிய வைக்க நிற்கும் கண்ணும் உண்டு. வேலை தேடும் தம்பி தங்கைமாரே, பதில் சொன்ன பின் நீங்களும் கேளுங்கள்.