தொட்டித் தண்ணீரில் நான் படித்த பாடம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் முழுவதும் படியுங்கள். வீட்டில் பிளீச்சிங் பவுடரும் பாத்ரூம் ஆசிட்டும் வைத்திருப்பவர்கள் நேரம் இல்லாவிட்டாலும் படியுங்கள்.

நம் ஏரியூரில் கோடை விடுமுறை என்றால் பிள்ளைகளின் கால் தானாக நாகமரைப் பக்கம் திரும்பும். மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம் அங்கே வரை விரிந்து கிடக்கிறது. பண்ணவாடிக்குப் படகு போகும் இடம். மேலே பார்த்தால் அமைதி, உள்ளே சேறும் பள்ளமும். அந்தத் தண்ணீருக்குப் பிள்ளையைக் கொடுத்த வீடுகள் நம் சுற்றுவட்டாரத்தில் உண்டு. அதனால் இந்தக் கோடையில் பேரன் பெங்களூரிலிருந்து வந்து, "தாத்தா, நீச்சல் அடிக்கணும்" என்றபோது நாகமரைக்கு அழைத்துப் போக மனம் வரவில்லை. காட்டில் போர் தண்ணீர் விழுகிற சிமெண்ட் தொட்டி இருக்கிறது. பதினைந்தடி நீளம், பத்தடி அகலம், நான்கடி ஆழம். "இதுதான்டா உன் ஸ்விம்மிங் பூல்" என்று சொல்லிவிட்டேன்.

தொட்டியின் சுவரெல்லாம் பாசி. பாசிக்குக் கீழே உப்புப் படிந்த வெள்ளை ஓடு. கடைக்குப் போய், எதையும் யோசிக்காமல், ஐந்து கிலோ பிளீச்சிங் பவுடரும் டைல்ஸ் கழுவுகிற ஆசிட் இரண்டு பாட்டிலும் வாங்கி வந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் அறிவியல் நடத்தியவன். கடைக்காரர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வாத்தியாருக்குத் தெரியாதா என்று நினைத்திருப்பார்.

தொட்டியை வடித்தேன். ஆசிட்டை ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் தேய்த்தேன். வெள்ளை ஓடு நுரைத்துக் கரைந்தது. அடியில் ஒரு சாண் அளவுக்குத் தண்ணீர் வடியாமல் நின்றது. அதோடு சேர்த்துப் பாசியையும் ஒரே கையோடு முடித்துவிடலாம் என்று பிளீச்சிங் பவுடரை இரண்டு முறம் அள்ளி வீசினேன்.

எழுதவே கூசுகிறது. பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். ஒன்பதாம் வகுப்பில் நானே சமன்பாடு எழுதிப் போட்டிருக்கிறேன். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்குப் பக்கத்தில், முதல் உலகப்போரில், எதிரிப் படைமீது ஜெர்மன் ராணுவம் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான் என்று கதையாகச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறேன். அதே கையால் அள்ளி வீசினேன்.

மஞ்சள் கலந்த பச்சையில் புகை எழுந்தது. மூக்கில் மிளகாய்ப் பொடி ஏறினாற்போல் ஓர் எரிச்சல். அந்த நொடியில் என் நினைவுக்கு வந்தது சமன்பாடு அல்ல. தொட்டியின் வடிகால் துளைக்குப் பக்கத்தில், கீழே, குச்சியை வைத்துக் குத்திக்கொண்டிருந்த பேரன். குளோரின் காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது. தாழ்வான இடத்தைத் தேடித்தான் போகும். எட்டு வயதுப் பிள்ளையின் மூக்கு நம் இடுப்பு உயரத்தில் இருக்கிறது.

எப்படி ஏறிக் குதித்தேன், எப்படி அவனைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினேன் என்று தெரியாது. இருவரும் இருமினோம். அவன் கண்ணெல்லாம் சிவப்பு. ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்து, மாலை வரை பக்கத்திலேயே படுக்க வைத்துப் பார்த்து, பயமில்லை என்று அனுப்பினார்கள். அவனுக்கு அன்று இரவே சரியாகிவிட்டது. எனக்கு இருமல் ஒரு வாரம் இருந்தது. வீட்டம்மா என்னிடம் அந்த ஒரு வாரமும் பேசவில்லை. நியாயம்தான்.

ஊரில் செய்தி நிற்குமா? இரண்டு நாள் கழித்து ஒரு போன். "சார், நான் உங்ககிட்ட படிச்சவன். பத்தாவதுல ஃபெயில் ஆனேனே, கடைசி பெஞ்ச். நான் பெங்களூர்ல அபார்ட்மெண்ட் பூல் மெயிண்டனன்ஸ்தான் பாக்கறேன் சார். ஞாயித்துக்கிழமை வரேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க."

வந்தார். நாற்பதைத் தாண்டிய ஆள். பையிலிருந்து சின்ன டெஸ்ட் கிட் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு என்னைக் கேட்ட முதல் கேள்வி: "சார், மருந்து வாங்கறதுக்கு முன்னாடி தண்ணிய டெஸ்ட் பண்ணீங்களா?"

இல்லை என்றேன். "தண்ணியில என்ன இருக்குன்னு தெரியாம என்ன மருந்து சார் வாங்கறது?" என்றார். அன்று அவர் வாத்தியார், நான் மாணவன். அவர் சொல்லி நான் நோட்டில் எழுதிக்கொண்டதைச் சுருக்கமாகத் தருகிறேன். தொட்டி வைத்திருப்பவர்களுக்கும், ஓசூர், பெங்களூரில் பூல் உள்ள வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் உதவும்.

முதலில் பி.எச். அது 7.2க்கும் 7.8க்கும் நடுவில் இருக்க வேண்டும். நம் போர் தண்ணீர் கடினத் தண்ணீர். பெரும்பாலும் அதற்கு மேலேதான் நிற்கும். பி.எச். ஏற ஏறக் குளோரினின் வீரியம் இறங்கும். 7.5இல் பாதியளவுக்கு வேலை செய்கிற குளோரின், 8.5இல் பத்தில் ஒரு பங்குதான் வேலை செய்யும். மேலே மேலே பவுடர் கொட்டியும் பாசி போகவில்லை என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அடுத்து, எந்தக் குளோரின். கடையில் கிலோ விலையைக் கேட்காதீர்கள், உள்ளே எத்தனை சதவீதம் குளோரின் என்று கேளுங்கள் என்றார். சாதாரண பிளீச்சிங் பவுடரில் புதிதாக இருக்கும்போது முப்பது சதவீதத்துக்குச் சற்று மேல். மூட்டையைப் பிரித்து வைத்தால் மாதத்துக்கு மாதம் குறையும். ஈரம் பட்டுக் கட்டி கட்டியாக இருந்தால் வாங்கவே கூடாது. தயாரித்த தேதியைப் பார்க்க வேண்டும். கால்சியம் ஹைப்போகுளோரைட் என்று விற்பதில் 65 முதல் 70 சதவீதம். வெள்ளை மாத்திரையாக வருகிற டி.சி.சி.ஏ.வில் 90. மாத்திரை மெதுவாகக் கரையும், வெயிலில் குளோரின் சீக்கிரம் அழியாமல் காக்கிற சயனூரிக் அமிலமும் அதிலேயே இருக்கிறது. ஆனால் அந்த அமிலம் தண்ணீரில் சேர்ந்துகொண்டே போகும். அளவு மீறினால் குளோரினின் கையைக் கட்டிப்போட்டுவிடும். அப்புறம் பாதித் தண்ணீரை மாற்றுவது தவிர வழியில்லை.

நம் தொட்டிக்கு எது? "உங்க தண்ணியில ஏற்கெனவே சுண்ணாம்பு ஜாஸ்தி. பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்புதான். போட்டா பால் மாதிரி கலங்கும். ஆனா நீங்க வாரம் ஒருமுறை தண்ணிய நிலக்கடலைக்குத் திறந்து விடறீங்க. அதனால கொஞ்சமா, முதல் நாளே பக்கெட்ல கரைச்சு, தெளிஞ்ச தண்ணிய மட்டும் ஊத்துங்க. அது போதும்" என்றார்.

எவ்வளவு என்று கணக்கும் போட்டார். பத்தாவதில் கணக்கில் தவறியவர், மண்ணில் குச்சியால் எழுதினார். 15 × 10 × 4 = 600 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். ஆக, சுமார் 17,000 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிராம் குளோரின் என்றால் ஒரு பி.பி.எம். குளிக்கிற தண்ணீரில் 1 முதல் 3 பி.பி.எம். இருக்கலாம். 2 என்று வைத்தால் 34 கிராம் குளோரின். முப்பது சதவீதப் பவுடரில் அது ஏறக்குறைய 115 கிராம். நான் அன்றைக்கு இரண்டு முறம் வீசியவன்.

மயில்துத்தம் போடலாமா என்று கேட்டேன். உரக்கடையில் கிடைக்கிறதே, பாசிக்கு நல்லது என்பார்களே. "ஆடு இந்தத் தண்ணி குடிக்குதா சார்?" என்று கேட்டார். குடிக்கிறது. செம்மறி ஆட்டுக்குத் தாமிரம் ஆகாது, கொஞ்சம் கொஞ்சமாக ஈரலில் சேர்ந்து திடீரென்று கொல்லும். மீனுக்கும் விஷம். எனவே அது வேண்டாம் என்றார்.

இன்னும் சில: மருந்தைத்தான் தண்ணீரில் போட வேண்டும், மருந்தின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. பொழுது சாய்ந்த பிறகு போட வேண்டும், வெயில் குளோரினைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும். ஆசிட்டை ஓர் அறையிலும் குளோரினை வேறோர் அறையிலும் வைக்க வேண்டும். பிளீச்சிங் பவுடருக்குப் போட்ட டப்பாவை டி.சி.சி.ஏ. மாத்திரைக்குப் போடக் கூடாது. இரண்டும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். மூக்கைத் துளைக்கிற "குளோரின் வாசனை" வந்தால் குளோரின் அதிகம் என்று அர்த்தமல்ல. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டான குளோரமின் அது. பிள்ளைகள் குளித்துவிட்டு இறங்கினாலே பாதி மருந்துச் செலவு மிச்சம்.

இவ்வளவையும் சொல்லி முடித்துவிட்டு, சிரித்தார். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொண்டார்.

அங்கேதான் எனக்கு ஆளே அடையாளம் தெரிந்தது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் பல் பற்றி இதைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். பழுப்புக் கோடு, மஞ்சள் திட்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை அழுக்கு என்றே நினைத்தேன். காலை வணக்கக் கூட்டத்தில் வரிசையாக நிற்க வைத்து, "பல்லைக் காட்டு" என்பேன். பழுப்பாக இருந்தால் திட்டு. சிலருக்கு அடி. இந்த மாணவரை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, செங்கல் பொடியால் தேய்த்துவிட்டு வா என்று வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அவர் தேய்த்து, ஈறில் ரத்தத்தோடு வந்தார். திட்டு அப்படியே இருந்தது. அன்றும் திட்டினேன்.

அது அழுக்கல்ல, தண்ணீர். பாறைக்கு அடியிலிருந்து வரும் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். நிரந்தரப் பல் ஈறுக்குள் உருவாகிற வயதில், ஏழெட்டு வயதுக்குள், அதைக் குடித்தால் எனாமல் கெட்டு முளைக்கும். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. ரொம்ப வருடம் அதிகமாகக் குடித்தால் எலும்பையும் பிடிக்கும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஜப்பான் கடனுதவியோடு வந்து 2013இல் பயன்பாட்டுக்குத் திறந்த ஒகேனக்கல் திட்டத்தின் முழுப் பெயரிலேயே 'ஃபுளோரோசிஸ்' என்ற சொல் இருக்கிறது. அந்த நோய்க்காகவே காவிரியை மேலே ஏற்றிக் கொண்டுவந்தார்கள்.

அதை நான் தெரிந்துகொண்டது அந்த மாணவர் பள்ளியை விட்டுப் போன பிறகு. தெரிந்துகொண்ட பிறகு அடிப்பதை நிறுத்தினேன். அடித்தவர்களிடம் போய்ச் சொல்லவில்லை.

தண்ணீரைச் சோதிக்காமல் மருந்து வாங்கியதும், தண்ணீரைச் சோதிக்காமல் பிள்ளைகளை அடித்ததும் ஒரே தப்புதான். முதல் தப்பில் என் பேரன் தப்பித்தான். இரண்டாவதில் எத்தனை பேர் இன்றும் கையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறீர்களோ தெரியவில்லை.

"அன்னைக்கு உன்ன அடிச்சது தப்புப்பா. உன் பல்லுல தப்பில்ல. மன்னிச்சுக்க" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்தார். "பரவால்ல சார். ஆனா ஒண்ணு. என் கல்யாண போட்டோ ஒண்ணுலயும் நான் சிரிக்கல" என்றார். பிறகு கிட்டை மூடிப் பையில் வைத்தார். "என் பொண்ணுக்குப் பல்லு வெள்ளையா இருக்கு சார். பெங்களூர்ல குடிக்கறதும் காவேரித் தண்ணிதான்."

மதியம் எங்கள் வீட்டில் களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டார். வீட்டம்மா அவரிடம், "உங்க சாருக்கு நல்லா சொல்லிக் குடுத்துட்டுப் போங்க" என்றாள். என்னிடம் பேச ஆரம்பித்ததும் அன்றிலிருந்துதான்.

இப்போது தொட்டி தெளிவாக இருக்கிறது. பேரன் ஒரு மாதம் ஆசை தீர நீந்தினான். வாய்க்குள் போன தண்ணீரைத் துப்பு என்று கரையில் நின்று கத்திக்கொண்டே இருந்தேன். ஏனென்றால் குளோரின் கிருமியைத்தான் கொல்லும்; ஃபுளோரைடை ஒன்றும் செய்யாது. கொதிக்க வைத்தாலும் போகாது. தெளிந்த தண்ணீர் எல்லாம் குடிக்கிற தண்ணீர் அல்ல. வீட்டில் போர் தண்ணீர் குடிப்பவர்கள், முக்கியமாகச் சின்னப் பிள்ளைகள் உள்ளவர்கள், ஒரு பாட்டிலில் பிடித்துத் தருமபுரியில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வருகிற வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் அதையே வையுங்கள். போர் தண்ணீர் குளிக்க, துவைக்க இருக்கட்டும்.

என் வகுப்பில் பல்லுக்காகத் திட்டும் அடியும் வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கும் அதே சொல்தான்: தப்பு என்னுடையது. ஊர்ப்பக்கம் வரும்போது வீட்டுக்கு வாருங்கள். ஒரு போட்டோ எடுத்துக்கொள்வோம், வாய்விட்டுச் சிரித்தபடி.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்,
ஏரியூர்.