கெட்டுப்போகாத பலகை

ஏப்ரல் கடைசி. மினசோட்டாவில் நிழல் விழும் தெருவோரங்களில் இன்னும் அழுக்குப் பனி மிச்சமிருக்கிறது. எதிர்வீட்டு வாசலில் 16 அடி அலுமினியப் படகு ஒன்று. அதன் பின்புறத்தை ஜாக்கியால் தூக்கி, மரக்கட்டைகளை அண்டக் கொடுத்திருக்கிறார்கள் எழுபதை நெருங்கும் அப்பாவும் நாற்பதைத் தாண்டிய மகளும். மே நடுவில் வால்ஐ மீன்பிடிப் பருவம் தொடங்கிவிடும். 10 ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகளை எண்ணினாலே 11,842 வருகிற மாநிலம் இது. தெருவில் பாதி வீட்டு வாசலில் இப்போது ஏதாவது ஒரு படகு மல்லாந்தோ குப்புறவோ கிடக்கிறது.

ட்ரெய்லரில் படகின் அடிவயிறு உட்காருவது இரண்டு நீளப் பலகைகளின் மேல். பங்க் என்கிறார்கள். பழைய இரண்டையும் கழற்றி சிமென்டுத் தரையில் அருகருகே போட்டிருக்கிறார்கள். வலப்பக்கத்துப் பலகை ட்ரெய்லரோடு வந்தது. மருந்தேற்றாத வெறும் மரம், மேலே சாம்பல் நிறக் கார்ப்பெட். மகள் ஸ்க்ரூடிரைவரால் போல்ட் துளையைக் குத்த, முனை கைப்பிடி வரை இறங்குகிறது. உள்ளே ஈரமான பழுப்புத் தூள். இடப்பக்கத்தது சில வருடங்களுக்கு முன் மாற்றிய மருந்தேற்றிய பைன். அதையும் குத்திப் பார்க்கிறாள். முனை வழுக்குகிறது.

"இது கல்லு மாதிரி இருக்கே அப்பா. இதை எதுக்குக் கழற்றச் சொன்னீங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்துப் படகுக்கு அடியில் கொண்டுபோகிறார். இடப்பக்கம் பலகை உட்கார்ந்திருந்த கோடு நெடுக அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. கட்டைவிரலால் தேய்த்தால் பொடி உதிர்ந்து கடுகளவு குழிகள் தெரிகின்றன. ஒன்றில் அவள் நகம் மாட்டி நிற்கிறது. வலப்பக்கத்தில் உரசல் கீறல்கள் மட்டும்தான். இற்றுப்போன பலகை படகை ஒன்றும் செய்யவில்லை, இற்றுப்போகாததுதான் தின்றிருக்கிறது.

மருந்து என்பது பெரும்பாலும் செம்பு. பூஞ்சைக்கு ஆகாது, அதனால்தான் மரத்துக்குள் அழுத்தி ஏற்றுகிறார்கள். 2003 வரை வீட்டு வேலைக்கு விற்ற மரத்தில் செம்போடு குரோமியமும் ஆர்சனிக்கும் இருந்தன. ஆர்சனிக்கை விலக்கியபின் வந்த மருந்துகளில் செம்பின் பங்கு கூடியது. செம்பும் அலுமினியமும் ஈரத்தில் சந்தித்தால் தோற்பது அலுமினியம். நடுவில் கார்ப்பெட் இருக்கிறதே என்றால், அந்த ஈரத்தை நாள்கணக்கில் பிடித்து வைத்திருப்பதே அதுதான். ஃபைபர் படகாக இருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. மருந்தேற்றிய மரத்தைப் போட்டுவிட்டு மறந்துபோகலாம்.

கராஜ் சுவரில் புதுப் பலகைகள் சாய்ந்து நிற்கின்றன. மருந்தில்லாத டக்ளஸ் ஃபர், இரண்டுக்கு ஆறு. கடைக்கணக்கில்தான் இரண்டும் ஆறும். டேப்பை வைத்தால் ஒன்றரைக்கு ஐந்தரை. அவர் ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறு முனையைக் கன்னத்தோடு சேர்த்து, ஒரு கண்ணை மூடி விளிம்பு நெடுக நோட்டம் பார்க்கிறார். முறுக்கின பலகை ஒதுக்கப்படுகிறது. இன்னொன்று நேராகத்தான் இருக்கிறது; ஆனால் போல்ட் வரவேண்டிய இடத்தில் கோழிமுட்டை அளவு கணு. அதுவும் ஒதுங்குகிறது. வைரம் பாய்ந்த செம்பழுப்புப் பகுதி அதிகமுள்ள இரண்டு தேறுகின்றன. மகள் முகத்தில், கடையிலேயே பார்த்து எடுத்திருக்கலாமே என்பது எழுதியிருக்கிறது. சொல்லவில்லை.

அறுத்த முனைகளுக்கும் போல்ட் துளைகளுக்கும் வார்னிஷ், ஒருமுறை, காய்ந்ததும் மறுமுறை. மரம் தண்ணீர் குடிப்பது அங்கேதான். பலகையின் முகத்துக்கு ஏனோதானோவென்று ஒரு பூச்சு.

மேலே எதைப் போர்த்துவது என்பதில்தான் சண்டை. அவளுக்கு வழவழப்பான பிளாஸ்டிக் பட்டை வேண்டும். ஈரம் தங்காது, படகும் லேசாக இறங்கும். தண்ணீரைச் சுமந்து ஏரிக்கு ஏரி போனால் வேண்டாத ஜீப்ரா சிப்பியும் கூடவே போகும் என்கிறாள். அந்தப் பயத்தில்தானே, படகை வண்டியில் கொண்டுபோகும்போது தண்ணீர் வடிய அடிமூடியைக் கழற்றி வைக்கவேண்டும் என்று இங்கே சட்டமே இருக்கிறது. அவர் தலையை ஆட்டிவிட்டு ஒரு கதை சொல்கிறார். நண்பர் ஒருவர் பிளாஸ்டிக் போட்ட முதல் நாள், பழைய பழக்கத்தில் ஏரிக்கு இறங்கும் சரிவின் உச்சியிலேயே, படகை ட்ரெய்லரோடு பிடித்திருக்கும் வின்ச் கொக்கியைக் கழற்றிவிட்டார். படகு தண்ணீருக்குக் காத்திருக்கவில்லை; கான்கிரீட்டிலேயே இறங்கிவிட்டது.

"கொக்கியைத் தண்ணீர் கிட்டப் போய்க் கழற்றினால் போச்சு."

"நீ செய்வே. உன் தம்பி?"

தம்பி யார் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வியோடு விவாதம் முடிந்து கார்ப்பெட் சுருள் விரிகிறது. என் ஓட்டு மகளுக்குத்தான், யாரும் கேட்கவில்லை.

கார்ப்பெட்டிலும் அவருக்கு ஒரு முறை இருக்கிறது. பலகையை முழுக்கச் சுற்ற விடுவதில்லை. மேல்முகமும் இரு பக்கமும் மூடி, விளிம்பில் ஓர் அங்குலம் மட்டும் கீழே மடித்து, அடிமுகத்தைக் காற்றுக்குத் திறந்தே விடுகிறார். ஸ்டேப்ளர் பின்கள் எல்லாம் அந்த மடிப்பில். ஒன்றுகூட மேல்முகத்தில் இல்லை, படகைக் கீறக்கூடாதே. மகள் நீட்டிய பின் டப்பாவைத் திருப்பி எழுத்தைப் படித்துவிட்டு ஓரமாக வைக்கிறார். உள்ளே போய் ஸ்டெயின்லெஸ் டப்பாவோடு வருகிறார். ட்ரெய்லர் சட்டத்தின் அடியிலிருந்து மேல்நோக்கி போல்ட் ஏற்றும்போது, பலகையின் மேல்முகத்தைத் துளைத்துக்கொண்டு வராத நீளமா என்று ஒன்றைப் பக்கவாட்டில் வைத்து அளந்தபின்தான் ரெஞ்சைக் கையில் எடுக்கிறார்.

"இந்தப் பழைய மருந்துப் பலகையை என்ன செய்ய? குப்பைக்கா?"

"எதுக்கு? பின்பக்கப் படி இற்றுப்போய்க் கிடக்கே, அங்கே போடு. மண்ணிலே ரொம்ப வருஷம் கிடக்கும்."