அக்காலமும் இக்காலமும்: ஒப்புநோக்கி எழுதும் முறை

விழா மலர் ஒன்று வெளிவருமெனின், அதனகத்தே ‘அக்கால மாணவரும் இக்கால மாணவரும்’ என்னும் பொருள்பற்றிய கட்டுரையொன்று இடம்பெறாதொழிதல் அரிது. நம் கல்லூரியின் இம்மலருக்கும் அத்தகையதொரு கட்டுரை வேண்டுமென மலர்க் குழுவினர் என்னைப் பணித்தனர். முப்பதாண்டுகளுக்கு மேலாகத் தமிழாசிரியனாக இருந்து, இதே தலைப்பில் மாணவர் எழுதிய கட்டுரைகள் பலவற்றைத் திருத்தியவன் ஆதலின், எழுத அமர்ந்தவுடன் ‘எம்முறையில் எழுதுவது?’ என்னும் வினாவே என்முன் நின்றது. நாம் கைக்கொள்ளும் முறையே நாம் வழங்கப்போகும் தீர்ப்பையும் பெரும்பாலும் முடிவுசெய்துவிடுகின்றது என்பது என் அனுபவம். ஆதலின் அம்முறைகளையே ஈண்டுப் பொருளாகக் கொண்டேன். பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் தம்பிமார்க்கும் இது ஒருவாறு பயன்படலாம்.

முதலாவது முறை, ஒன்றை முழுதுங் கூறி முடித்தபின் மற்றொன்றை முழுதுங் கூறுவது. இது யாவர்க்கும் எளிது; முதியோர்க்கு மிக எளிது. யான் 1960 களின் தொடக்கத்தில் இக்கல்லூரியிற் சேர்ந்தேன். எங்கள் ஊருக்கு அன்று மின்சாரம் வரவில்லை. ஒரே அரிக்கன் லாம்பைச் சுற்றிச் சகோதரர் மூவர் இருந்து படித்தோம். 1945 ஆம் ஆண்டில் வந்த இலவசக் கல்வியின் பயனாக, கல்லூரி வாயிலை மிதித்தவர்களுள் எங்கள் குடும்பத்தில் நாங்களே முதல்வர். வேட்டி உடுத்த ஆசிரியர்களையும், வெள்ளிக்கிழமைத் தேவாரத்தையும், புழுதி படிந்த விளையாட்டு மைதானத்தையும் பற்றி எழுதத் தொடங்கினால் நான்கு பக்கங்கள் தாமே நிரம்பும். அதன்பின் ‘இனி இக்கால மாணவரை நோக்குவோம்’ என்று எழுதும்போது பேனாவிலே மை குறைந்துவிடும், அன்பும் குறைந்துவிடும். கைத்தொலைபேசியென்றும், தனியார் கல்வி நிலையமென்றும் இரண்டு குறைகளைச் சொல்லிக் கட்டுரை முடிவுறும்.

இம்முறையில் உள்ள இடர் யாது? நிரனிறைப் பொருள்கோளை நம் மாணவர் அறிவர். சில சொற்களை முன்னே வரிசையாக நிறுத்தி, அவற்றுக்குரிய பயனிலைகளைப் பின்னே அதே வரிசையில் நிறுத்துவது அது. முதலாவது முதலாவதனோடும் இரண்டாவது இரண்டாவதனோடுஞ் சென்று பொருந்தும். வரிசை பிறழின் பொருளும் பிறழும். முழுமைக்கு முழுமை கூறும் கட்டுரையும் ஒரு பெரிய நிரனிறையே. முன்பாதியில் அரிக்கன் லாம்பைச் சொன்னவர் பின்பாதியில் அதற்கு இணையாக இக்கால மாணவனின் விளக்கைச் சொல்லவேண்டும். கைத்தொலைபேசியைச் சொல்வாராயின், ஒப்புமை ஒன்றும் நிகழவில்லை. இரண்டு வேறு கதைகளே சொல்லப்பட்டன. ஆகவே இம்முறையை நாடுவோர், முன்பாதியின் வரிசையைப் பின்பாதியிலும் இம்மியும் பிசகாது பின்பற்றல் வேண்டும். கட்டுரையும் குறுகியதாய் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது முறை கூறுக்குக் கூறு ஒப்பிடுவது. மாணவர் வாழ்வை விளக்கு, வழி, நூல், பரீட்சை என நான்கு கூறாக்கி, ஒவ்வொன்றிலும் இரு காலத்தையும் எதிரெதிரே நிறுத்துவது. வழியை எடுத்துக்கொள்வோம். பல்கலைக்கழகஞ் செல்லும் பேறு பெற்றோர் அன்று 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியில் ஏறிக் கொழும்புக்கோ பேராதனைக்கோ செல்வர். புகையிரத நிலையத்திலே அழாத தாயர் இலர். 1974 இல் திருநெல்வேலியில் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபின், துவிச்சக்கரவண்டியிற் சென்று பட்டம் பெறுதலும் இயல்வதாயிற்று.

நூலை எடுத்துக்கொள்வோம். 1959 இல் திறக்கப்பெற்ற யாழ். பொது நூலகக் கட்டடத்திலே இருந்து, இரவல் தராத நூல்களைக் கொப்பியிற் பார்த்தெழுதியவன் யான். ஏறத்தாழ 97,000 நூல்களோடு அந்நூலகம் 1981 இல் எரியுண்டது. இன்றைய மாணவனோ 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்திலே, ஈழத்துப் பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் தன் கைத்தொலைபேசியில் விரித்துப் படிக்க இயலும். முதன்முறையிற் குற்றக்கூண்டில் நின்ற அதே கைத்தொலைபேசி, இம்முறையில் நூல் என்னுங் கூற்றின்கீழ் வந்தவுடன் சாட்சிக்கூண்டுக்கு மாறிவிடுகின்றது. பொருள் ஒன்றே, அதனை வைத்த இடம் வேறு. மாணவர் இதனைக் கூர்ந்து நோக்குதல் நன்று.

பரீட்சையில் வேற்றுமை நாம் எண்ணுமளவு பெரிதன்று. எம் காலத்திலே பல்கலைக்கழக இடங்கள் மிகச் சில. 1970 களில் தரப்படுத்தல் வந்தது. இன்று இசட் புள்ளியும் மாவட்ட வெட்டுப்புள்ளியும் உள்ளன. பெயர்கள் மாறின; தகுதி பெற்றோர் பலராகவும் இடங்கள் சிலவாகவும் இருக்கும் நிலை மாறவில்லை. பெறுபேறு வரும் நாளிலே பிள்ளையின் முகத்தைப் பாராமல் அடுக்களையிலே நிற்குந் தாயும் மாறவில்லை.

இம்முறைக்கும் ஒரு குறையுண்டு. கூறுகள் மிகுந்தால் கட்டுரை கடைக்காரரின் கணக்குக் கொப்பிபோல் ஆகிவிடும். வரவும் செலவும் தெரியும், வாழ்ந்த மனிதன் தெரியான். ஆதலின் நான்கு அல்லது ஐந்து கூறுகளே போதும். அவற்றையும் புறத்தேயுள்ளனவற்றில் தொடங்கி அகத்தேயுள்ளனவற்றை நோக்கி ஏறுமுகமாக அடுக்குதல் வேண்டும். வழியிலே தொடங்கி அச்சத்திலும் நம்பிக்கையிலும் முடிப்பது, அச்சத்திலே தொடங்கிச் சப்பாத்திலே முடிப்பதினும் சிறந்ததன்றோ?

மூன்றாவது முறையை நம் அணியிலக்கணமே கற்பிக்கின்றது. ஒப்புடைய இரு பொருள்களை எடுத்து, அவற்றின் ஒப்பினை முதலிற் காட்டி, பின்னர் வேறுபாட்டினைக் காட்டுவது வேற்றுமையணி. தீயினால் வந்த புண்ணையும் நாவினால் வந்த வடுவையும் வள்ளுவர் ஒப்பிட்ட குறளை ஆசிரியர் இதற்கு எடுத்துக்காட்டுவர். சுடுதல் இரண்டுக்கும் பொது. ஆறுதல் ஒன்றற்கே உரியது. ஒற்றுமை உறுதியாக நாட்டப்பட்டமையாலேயே வேற்றுமை நெஞ்சிற் தைக்கின்றது. சொல்லவேண்டிய வேற்றுமை ஒன்றேயாய், அதுவும் கனமானதாய் இருக்கும்போது இம்முறையே தக்கது. வேற்றுமைகள் பலவாயின் இரண்டாவது முறைக்கே செல்லுதல் நன்று.

இவ்வாறு மூன்று முறைகளையும் வகுத்துக்கொண்டு, சில ஆண்டுகளுக்கு முன் பழைய மாணவர் கூட்டமொன்றிலே யான் பேசினேன். கூட்டம் முடிந்தபின், 1990 களில் என்னிடம் படித்த ஒருவர் அருகில் வந்தார். “சேர், அக்காலம் உங்களுடையது. இக்காலம் இந்தப் பிள்ளைகளுடையது. நாங்கள் எந்தக் காலம்?” என்று அமைதியாகக் கேட்டார். அவர் குறையாகக் கேட்கவில்லை. ஆயினும் அவ்வினா என்னை விட்டு அகலவில்லை.

மூன்று முறைகளும் ஒப்பிடப்படுவன இரண்டே என்று கொள்கின்றன. இரண்டு என்று எவர் சொன்னார்? 1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது, புகையிரதமும் நின்றது. மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அப்பிள்ளைகள் ஜாம் போத்தலுள் சிறிது பஞ்சையும் சிறிது எண்ணெயையும் இட்டு, விரல் நுனியளவு சுடரிலே படித்தார்கள். துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து வைத்து, சில்லைக் கையாற் சுழற்றி, டைனமோவின் வலுவிலே வானொலிச் செய்தி கேட்டார்கள். 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்களோடு இடம்பெயர்ந்தபோது, பையிலே கொப்பிகளை எடுத்துச் சென்றவர்களும் அவர்களே. மரநிழலிலும், பிற பாடசாலைகளின் மாலை நேர வகுப்புகளிலும் அவர்கள் படிப்புத் தொடர்ந்தது. இவையெல்லாம் ‘அக்காலம்’ என்னுஞ் சொல்லுள்ளும் அடங்கா. ‘இக்காலம்’ என்பதனுள்ளும் அடங்கா.

இவர்களை நடுவே நிறுத்தி விளக்கென்னுங் கூற்றினை மீண்டும் பாருங்கள். ‘நாங்கள் லாம்பிலே படித்தோம்’ என்பது எங்கள் தலைமுறையின் பெருமை. எங்களுக்கு மின்சாரம் இனித்தான் வரவிருந்தது. நாளை வெளிச்சமாகும் என்ற எண்ணத்தோடு லாம்பு கொளுத்தினோம். அவர்களோ இருந்த வெளிச்சத்தை இழந்தபின் அதனினுஞ் சிறிய சுடரை ஏற்றினார்கள். இரண்டு விளக்கும் ஒன்றல்ல. இக்கால மாணவரும் இருளை அறியாதவரல்லர். 2020 இல் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டன. 2022 இல் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்து, ஒரு கட்டத்தில் நாளொன்றுக்குப் 13 மணிநேரம் மின்சாரம் தடைப்பட்டபோது, அவர்களும் மெழுகுதிரியைத் தேடினார்கள். மூன்று காலத்தையும் அருகருகே வைத்தவுடன், வீழ்ச்சியென்றோ வளர்ச்சியென்றோ ஒரே கோடு இழுத்தல் இயலாதாகின்றது. ஒருவரை உயர்த்த மற்றவரைத் தாழ்த்தவேண்டிய தேவையும் நீங்குகின்றது.

ஆதலின் மாணவர்க்கு யான் கூறுவது இது. ஒப்பீட்டுக் கட்டுரை எழுதுமுன் எம்முறை என்று ஆராயுங்கள். அதற்கும் முன்னே, ஒப்பிடத்தக்கவர் அனைவரையும் அழைத்துவிட்டோமா என்று எண்ணிப் பாருங்கள். தலைப்பு இருவரைச் சொன்னாலும், நடுவே நிற்பவர் எவரேனும் உளரோ எனத் தேடுங்கள்.

மலர்க் குழுவினர்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. அடுத்த மலரிலே இத்தலைப்பை என்போன்ற ஒருவரிடம் மட்டும் ஒப்படையாது, மூன்று காலத்துப் பழைய மாணவர் மூவரிடமும் இப்பொழுது படிக்கும் ஒருவரிடமும் வழங்குக. விளக்கு, வழி, நூல், பரீட்சை என்னும் அதே நான்கு கூறுகளை நால்வரும் தனித்தனியே எழுதுக. அவற்றை ஒழுங்குபடுத்தும் பணியை உயர்தர வகுப்பு மாணவர் ஏற்பாராக. அவர்கள் எம்முறையைத் தெரிவுசெய்கின்றார்கள் என்று காண யானும் ஆவலாயிருக்கின்றேன்.

எக்காலத்துப் பிள்ளைக்கும் ஒரே வாயிலைத் திறந்து வைத்த நம் கல்லூரித் தாய் நீடு வாழ்க.