செக்கப் லிஸ்ட்ல இல்லாத டெஸ்ட்

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு லேப்ல அப்பாவுக்கு மாஸ்டர் செக்கப் எடுத்தோம். எல்.டி.எல். 98. "எல்லாம் நார்மல்டா"ன்னு ரிப்போர்ட்டை மடிச்சு எல்.ஐ.சி. ஃபைல்ல வெச்சுட்டார்.

எனக்கு மனசு ஒப்பலை. தாத்தா பீடி, சிகரெட் தொடாதவர். 54 வயசுல மாரடைப்புல போயிட்டார். இந்த மாதிரி குடும்பத்துல பார்க்க வேண்டிய லிப்போபுரோட்டீன்-ஏ அந்த லிஸ்ட்லயே இல்லை. 1963-ல நார்வேக்காரர் கோரே பெர்க் கண்டுபிடிச்சது. வாக்கிங், பத்தியம் எதுக்கும் பெருசா அசையாது, பரம்பரைச் சொத்து. அதனால ஆயுசுக்கு ஒரு தடவை பார்த்தாலே பெரும்பாலும் போதும். இந்திய இதயவியல் சங்கத்தோட 2024 வழிகாட்டியும் ஒரு தடவையாவது பாருங்கன்னுதான் சொல்லுது. டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினா உஷார். இந்தியர்கள்ல நாலுல ஒருத்தருக்கு அதிகமாம்.

அதே வருஷம் வந்த அமெரிக்க ஆய்வு இன்னும் சுவாரசியம். 27,939 பெண்கள்கிட்ட ஒரே ஒரு தடவை ரத்தம் எடுத்து, எல்.டி.எல்., இந்த லிப்போபுரோட்டீன்-ஏ, அழற்சியைக் காட்டுற சி.ஆர்.பி. மூணையும் அளந்து, 30 வருஷம் தொடர்ந்து கவனிச்சிருக்காங்க. மூணுமே தனித்தனியா ஆபத்தை முன்கூட்டியே காட்டியிருக்கு. (நம்ம ஆபீஸ்ல மூணு மாச லாக் கிடைச்சாலே அதிர்ஷ்டம்!)

"63 வயசுல தெரிஞ்சு என்னடா பண்ணப் போற?"ன்னார் அப்பா. நியாயமான கேள்விதான். ஆனா அது அதிகம்னா எல்.டி.எல். 98 போதாது, இன்னும் இறக்கச் சொல்வாங்க, பி.பி.யையும் விட முடியாது. அதோட அவர் ஜீன்ல பாதி என்கிட்ட இருக்கே!

சனிக்கிழமை ரெண்டு பேரும் போறோம். "உனக்காகத்தான் வர்றேன்"கிறார்.