மலையில் நின்றுபோன பைக்கும், மாமா கேட்ட டிரெய்லரும்!

‘பைக் ஏற்றும் டிரெய்லர்’ என்று மொபைலில் ஒருமுறை தேடிப் பாருங்கள். பளபளவென்று தனி உலகமே திறக்கும். காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப்போகும் சின்ன வண்டிகள். ஒரு பைக் நிற்க ஒரு தண்டவாளம், இரண்டு நிற்க இரண்டு, மூன்றும் உண்டு. தரையோடு தரையாகப் படுத்து, பைக் ஏறியதும் எழுந்து நிற்கும் மாடல்கூட இருக்கிறது. அமெரிக்காவில் வார விடுமுறைக்குக் காட்டுப்பாதையில் பைக் ஓட்டப் போகிறவர்கள் இப்படித்தான் வண்டியை எடுத்துப்போகிறார்கள்.

அப்படியொரு வீடியோ எங்கள் மாமாவின் வாட்ஸ்அப்புக்கு வந்த நாளிலிருந்து, எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

மாமா, அம்மாவுக்குத் தம்பி. கள்ளக்குறிச்சியில் பைக் மெக்கானிக். வயது 54. முப்பது வருடமாகக் குனிந்து வேலை பார்த்ததில் இடுப்பில் டிஸ்க் விலகியிருக்கிறது. “பாப்பா, நீதான் ஆன்லைன்ல வேலை பாக்குற. இதுல எது நமக்குத் தோதுப்படும்னு பாத்துச் சொல்லு” என்றார். “எதையும் வாங்கவே வேணாம்னு சொல்லு” என்றார் அத்தை, அடுப்படியிலிருந்தே.

இருவருக்கும் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது.

வண்டி நின்றால் வீடே நிற்கும்

மாமாவின் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் கல்வராயன் மலைக்காரர்கள். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாக நடைமுறைக்கு வந்தது. ஆனால், மலையின் கதை அதைவிடப் பழையது. நாடு விடுதலை பெற்றது 1947-ல் என்றால், இங்கே ஜாகிர்தார் ஆளுகை முடிவுக்கு வந்தது 1976-ல்தான். சாலையும் பஸ்ஸும் அதற்குப் பிறகே ஒவ்வொன்றாக மேலே ஏறின. 2024-ல் கள்ளக்குறிச்சி விஷச்சாராய சாவுகளுக்குப் பிறகு, கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை பற்றி சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. அதிலும் சாலை வசதி முக்கியமான பேச்சாக இருந்தது.

அதனால்தான் மலையில் பைக் என்பது சொகுசு இல்லை. மரவள்ளி மூட்டை, கடுக்காய், புளி எல்லாம் அதில்தான் வரும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது அதில்தான். இரவில் பிரசவ வலி வந்தாலும் முதலில் தேடுவது பைக் சாவியைத்தான்.

அந்த வண்டி வெள்ளிமலைக்கு அப்பால் ஏதோ ஒரு மேட்டில் செயின் அறுந்தோ, கிளட்ச் தேய்ந்தோ நின்றுவிட்டால்? சின்ன வேலை என்றால் மாமாவே பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். இன்ஜினைப் பிரிக்க வேண்டுமென்றால் வண்டி கீழே வந்தாக வேண்டும். வர மூன்று வழிகள்.

ஒன்று, நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்குவது. பலர் செய்வது இதைத்தான், ஆபத்தானதும் இதுதான். சரிவில் இறங்கும்போது கியரில் இருக்கிற இன்ஜினும் வேகத்தைப் பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் அந்தப் பிடி கிடையாது. மொத்தப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். நாலைந்து கொண்டை ஊசி வளைவு தாண்டுவதற்குள் டிரம் சூடேறி, பிரேக் பிடிப்பு குறைந்துவிடும்.

இரண்டு, இன்னொரு பைக்காரர் பின்னாலிருந்து காலை வைத்துத் தள்ளுவது. சமவெளியிலேயே விபரீதம். மலையில் கேட்கவே வேண்டாம்.

மூன்று, வாடகைக்குக் குட்டி யானை பிடித்து ஏற்றி வருவது. அதில்தான் போன மழைக்காலத்தில் ஒரு மரப்பலகை வழுக்கி, பாதி ஏறிய பைக் மாமாவின் மேலேயே சரிந்தது. காலில் அடி. மூன்று வாரம் கடை பூட்டியிருந்தது. தரையோடு படுக்கும் டிரெய்லரை அவர் ஏன் அத்தனை ஆசையாகப் பார்த்தார் என்று இப்போது புரிந்திருக்கும்.

கரும்பு டிராக்டர் சொன்ன பாடம்

டிரெய்லர் நமக்கு ஒன்றும் புதிதில்லை. கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு அதன் பெயர் டிப்பர். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. அரவை சீசனில் ரோடு முழுக்கக் கரும்பு டிராக்டர்கள்தான். ஆலை வாசலில் வரிசையில் காத்திருந்த ஒரு டிரைவர் அண்ணனிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“வெறும் டிப்பர் ஆடும்மா, லோடு டிப்பர் தள்ளும். ரெண்டையும் தெரிஞ்சவன்தான் ஓட்டணும்” என்றார்.

அவர் ஒரே வரியில் சொன்னதை வெளிநாட்டுக் கையேடுகள் பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவிகிதம் கொக்கியின் மேல் உட்கார வேண்டும். குறைந்தால் பின்பக்கம் மீன் வால் மாதிரி இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும். ஒரு ஸ்பிளெண்டர் சுமார் 112 கிலோ. இரண்டு ஏற்றினால் 224. டிரெய்லரின் சொந்த எடை 150 கிலோ என்று வைத்தால் மொத்தம் 374. அதில் சுமார் 40 முதல் 55 கிலோ வரை கொக்கியில் இறங்குகிற மாதிரி பைக்குகளை முன்னால் தள்ளி நிறுத்த வேண்டும்.

இது ஆட்டத்துக்கு. தள்ளுவதற்கு? சின்ன டிரெய்லர்கள் பலவற்றில் தனி பிரேக் இருக்காது. முன்னால் போகும் ஜீப் பிரேக் பிடித்தாலும், பின்னால் வரும் 374 கிலோ அதே வேகத்தில் முட்டும். மலை இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் இதே கதைதான். வளைவில் இன்னொரு வம்பும் உண்டு. டிரெய்லர் சக்கரம் ஜீப் போன தடத்திலேயே வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். உள்பக்கம் பாறையோ ஓடையோ இருந்தால் அவ்வளவுதான்.

ஆனால், மாமாவை யோசிக்க வைத்தது ரிவர்ஸ்தான். டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்க வேண்டும். கொஞ்சம் தப்பினாலும் கத்தி மடங்குகிற மாதிரி மடங்கிக்கொள்ளும். குறுகலான மலைப்பாதையில் ஏறி வருகிற வண்டிக்கு, இறங்குகிற வண்டிதான் வழிவிட வேண்டும் என்பது விதி. பழுதான பைக்கோடு நாம் எப்போதும் இறங்குகிற பக்கம்தான். எதிரே பஸ் ஏறி வந்தால், மேட்டில், பின்னால் டிரெய்லரோடு நாம்தான் ரிவர்ஸ் போக வேண்டும்.

“நம்ம ஜீப்புல இது கொஞ்சம் கஷ்டம்தான் பாப்பா” என்றார் மாமா. ஆசை விட்டுப்போன குரல்.

வெல்டிங் பட்டறையும் சட்டமும்

“பழைய இரும்புல நாமளே அடிச்சிக்கலாம்” என்று மாமாவின் நண்பர் ஒருவர் சொன்னார். இரும்பு அடித்துவிடலாம், காகிதம் அடிக்க முடியாதே! 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். பதிவு எண் வேண்டும், இன்ஷூரன்ஸ் வேண்டும். பின்பக்கம் பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் எரிய வேண்டும். வீட்டில் வைத்து வெல்டிங் செய்தாலும், ஆர்.டி.ஓ அலுவலகத்தில் கேட்காமல் முதல் கம்பியைத் தொடக் கூடாது. பதிவு இல்லாத டிரெய்லர் விபத்தில் சிக்கினால், இழப்பீடு முழுக்க நம் தலையில்தான் விழும்.

குட்டி யானைப் பக்கம் சட்டம் கொஞ்சம் இளக்கமாக இருக்கிறது. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. எஃப்.சி மட்டும் தவறாமல் காட்ட வேண்டும். ஓட்டுவதற்குத் தனி லைசென்ஸ் வேண்டுமா என்ற குழப்பத்தையும் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. கார் ஓட்டும் எல்.எம்.வி லைசென்ஸ் வைத்திருப்பவரே 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம். மாமாவிடம் அந்த லைசென்ஸ் இருக்கிறது.

குட்டி யானையின் தொட்டி சுமார் ஏழடி நீளம். ஸ்பிளெண்டர் ஆறரை அடி, தாராளமாக நிற்கும். ஹேண்டில்பார் இடிக்காமல் ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னுமாகத் தள்ளி நிறுத்தினால் இரண்டு வண்டி போகும். நாலு சக்கரமும் நம் பிரேக்கில் நிற்கும். ரிவர்ஸ் எடுக்க வித்தை தேவையில்லை.

“எல்லாம் சரி. ஆனா அந்த உயரத்துக்கு ஏத்தணுமே” என்றார் அத்தை.

அதுதான் கேள்வி. இத்தனை நாள் எல்லோரும் வண்டியைப் பற்றிப் பேசினோம். மாமாவின் இடுப்பைப் பற்றிப் பேசியது அத்தை மட்டும்தான்.

பலகையின் நீளத்தில் இருக்கிறது சூட்சுமம்

பள்ளியில் சாய்தளம் என்று ஒரு பாடம் படித்திருப்பீர்கள். நான் டேப் வைத்து அளந்தபோது, தொட்டியின் தரை இரண்டரை அடி உயரத்தில் இருந்தது. மாமா பயன்படுத்திய பலகை ஐந்தடி. அதில் 112 கிலோ பைக்கை ஏற்ற, உரசலைக் கணக்கில் சேர்க்காமலே 56 கிலோ அளவுக்குத் தள்ள வேண்டும். அதே உயரத்துக்கு எட்டடிப் பலகை வைத்தால் 35 கிலோ போதும். 195 கிலோ புல்லட் என்றால் 97-லிருந்து 61-க்கு இறங்கிவிடும். தாழ்வான டிரெய்லரில் வேலை இன்னும் சுலபம்தான். ஆனால், டிரெய்லர் தருகிற நன்மையில் பெரும்பகுதியை ஒரு நீளமான ராம்ப் கொடுத்துவிடுகிறது. மிச்சத்தைக் கை வின்ச் பார்த்துக்கொள்ளும்.

செகண்ட் ஹேண்டில் ஒரு குட்டி யானை வாங்கினோம். பணம், அத்தையின் மகளிர் குழுக் கடன். லேத் பட்டறையில் நடுவில் மடங்குகிற எட்டடி இரும்பு ராம்ப் செய்தார்கள். வழுக்காமல் இருக்க மேலே ஓட்டை போட்ட தகடு. இனி நழுவாதபடி, தொட்டி விளிம்பில் மாட்டிக்கொள்ள இரண்டு கொக்கிகள். கேபினுக்குப் பின்னால் கை வின்ச். ஒருவர் வின்ச் சுற்ற, இன்னொருவர் ஹேண்டிலைப் பிடித்தபடி பக்கத்தில் நடந்தால் போதும். கையை எடுத்தாலும் வின்ச்சின் பல் பிடித்துக்கொள்ளும், வண்டி பின்னால் உருளாது.

கட்டும் முறையையும் மாமா மாற்றிக்கொண்டார். உங்கள் வீட்டு பைக்கை எங்காவது ஏற்றி அனுப்பும்போதும் இதெல்லாம் உதவும்:

* நைலான் கயிறு வேண்டாம். ஓட்டத்தில் இளகும். ராட்செட் பெல்ட் நான்கு, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு.
* சைடு ஸ்டாண்டில் நிறுத்தாதீர்கள். நேராக நிறுத்தி, முன்சக்கரத்தைத் தொட்டியின் முன்சுவரில் முட்டவைத்துக் கட்டுங்கள்.
* முன் ஃபோர்க் பாதி அமுங்கும் வரை இறுக்கினால் போதும். முழுக்க அமுக்கினால் சீல் போகும்.
* முதல் கியரில் போடுங்கள். பெட்ரோல் டேப் இருந்தால் மூடுங்கள். ரயிலில் பார்சல் போடுவதென்றால் டேங்க்கையே காலி செய்ய வேண்டும்.
* ஐந்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, பெல்ட்டை ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

டிரெய்லரே கூடாது என்று சொல்ல மாட்டேன். சமவெளி, அகலமான ரோடு, வலுவான கார், நிறுத்த விசாலமான இடம், ரிவர்ஸ் எடுக்கத் தெரிந்த கை, சரியான பதிவு... இவ்வளவும் இருந்தால் அது நல்ல சாமான்தான். வாங்கும் முன் யோசிக்க வேண்டியது இரண்டே விஷயம். அது போகப்போகிற ரோடு எது? அதில் பைக்கை ஏற்றப்போகிற ஆள் யார்?

மாமா இப்போது வாரத்துக்கு இரண்டு மூன்று முறை மலைக்குப் போய் வருகிறார். டீசல் செலவை மட்டும் உடனே வாங்கிக்கொள்கிறார். ரிப்பேர் கூலியை மரவள்ளி வெட்டிய பிறகு கொடுத்தால் போதும் என்று சிலரிடம் சொல்லியிருக்கிறார். “ராம்ப் வந்ததுலருந்து ராத்திரில தைலம் தேய்க்கச் சொல்றதில்ல” என்று அத்தை போனில் சொன்னார். வாங்கியது லாபமா என்று நான் கேட்டதற்கு அவர் கொடுத்த கணக்கு அது.