கயத்தாறு முதல் எட்டயபுரம் வரை

ஒரு மாநகரத்தின் கலைச் சரித்திரத்தை அறிய விரும்புகிறவர்கள் அதன் பேட்டைகளிலும் மாட வீதிகளிலும் கால்நடையாக அலைந்து, இன்ன வீட்டில் இன்ன வித்வான் குடியிருந்தார், இன்ன சந்தில் இன்ன பத்திரிகை அச்சாயிற்று என்று விசாரித்துத் தெரிந்துகொள்ளுவது வழக்கம். மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் அவ்வாறு அலைவதில் எனக்கும் மிகுந்த பிரியம் உண்டு. ஆனால் அந்த வீதிகளில் ஒலித்த சங்கீதத்தையும் அந்த அச்சகங்களில் உருவேறிய தமிழையும் பின்தொடர்ந்து போனால், பாதை நகரத்தின் எல்லையோடு நின்றுவிடுவதில்லை. அது தெற்கே இறங்கி, மழை அரிதாகப் பெய்கிற கரிசல் சீமைக்குள் நுழைந்து, கயத்தாறு, கழுகுமலை, இடைசெவல், எட்டயபுரம் என்ற நான்கு ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகிறது. பருத்திக் காடுகளும் உடைமரங்களும் இடையிட்ட இந்த நான்கு ஊர்களையும் ஒரே நகரத்தின் நான்கு பேட்டைகளாகப் பாவித்துச் சுற்றிவர வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை.

மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் பெருஞ்சாலையில், கோவில்பட்டியைத் தாண்டித் திருநெல்வேலிக்கு முன்னால் இருக்கிறது கயத்தாறு. ஊரைச் சுற்றிலும் எந்தத் திசையில் பார்த்தாலும் காற்றாலைகள் சுழல்கின்றன. 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள், மேஜர் பானர்மன் என்ற கிழக்கிந்தியக் கும்பினித் தளபதி, சுற்றுவட்டாரத்துப் பாளையக்காரர்களை எல்லாம் சாட்சியாக வரவழைத்து நிறுத்தி, பாஞ்சாலங்குறிச்சி வீரபாண்டிய கட்டபொம்மனை விசாரணை என்ற பெயரால் விசாரித்து, ஒரு புளியமரத்தில் தூக்கிலிட்டது இந்த ஊரில்தான். அதன் பிறகு அவ்விடத்தைக் கடந்து போன வழிப்போக்கர்கள் ஆளுக்கு ஒரு கல்லை அங்கே இட்டுச் சென்றார்கள் என்றும், அந்தக் கற்கள் சேர்ந்து பெரியதொரு குவியலாக வளர்ந்துவிட்டன என்றும் சொல்லுவார்கள். சிலை எழுப்பப் பணமும் அனுமதியும் இல்லாத ஜனங்கள், சர்க்காருக்கு அஞ்சி வாய் திறவாமலே, கையில் அகப்பட்ட கல்லைக் கொண்டு எழுப்பிய அந்த ஞாபகச் சின்னத்தைவிட உயர்ந்த சிற்பம் ஒன்றை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கல்லை இட்ட அதே ஜனங்கள் பாட்டையும் கட்டினார்கள். கட்டபொம்மு கதைப்பாடல் திருநெல்வேலிச் சீமைக் கிராமங்களில் வாய்மொழியாக வழங்கி வந்ததை, நாட்டார் வழக்காற்று ஆராய்ச்சியில் முன்னோடியான பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்துக் கொடுத்தார். ம.பொ. சிவஞானம் அந்த வீரனைப் பற்றி ஊர் ஊராகப் பேசினார், எழுதினார். சக்தி கிருஷ்ணசாமி எழுத, சிவாஜி கணேசன் நடித்த நாடகம் 1957-இல் அரங்கேறி, 1959-இல் பி.ஆர். பந்துலுவின் இயக்கத்தில் வர்ணத் திரைப்படமாகி, மறு ஆண்டில் கெய்ரோ நகரத்து ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகருக்கான பரிசையும் பெற்றுத் தந்தது. அந்த நடிகர் அத்துடன் நின்றாரில்லை. தம் சொந்தப் பொருளில் கயத்தாற்றில் நிலம் வாங்கி, 1970-இல் கட்டபொம்மனுக்குச் சிலை வைத்தார். கிராமத்துக் கதைப்பாடலாகப் பிறந்த ஒரு கலை, பட்டணத்து மேடைக்கும் அயல்நாட்டு விழாவுக்கும் போய்த் திரும்பி, தான் பிறந்த மண்ணிலேயே சிலையாக நிற்பது தமிழ்நாட்டில் வேறெங்கும் காணக் கிடைக்காத காட்சி என்றே சொல்லுவேன். பின்னர் அரசாங்கம் மணிமண்டபமும் கட்டியிருக்கிறது.

சாலையோரத் தேநீர்க் கடையில் பேருந்துக்காகக் காத்திருந்தபோது கடைக்காரர், “கழுகுமலைக்கா போறீய அண்ணாச்சி? வெயிலு ஏறுததுக்கு முன்னால மேல போயிருங்க. பாறை சுட்டுச்சுன்னா கால வைக்க முடியாது” என்றார். அவர் சொன்ன யோசனைக்கு நான் இன்னும் கடமைப்பட்டிருக்கிறேன்.

கழுகுமலையில் முருகப்பெருமான் கழுகாசலமூர்த்தியாக மலையைக் குடைந்த குகைக் கோயிலில் எழுந்தருளியிருக்கிறான். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச் சிந்து பாடியது இந்த முருகன்மீதுதான். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்ப தேவரின் ஆதரவில் வாழ்ந்து இளம் வயதிலேயே மறைந்துபோன அந்தக் கவிஞர், பாத யாத்திரை போகிறவர்களின் நடைக்கு இசைய அமைத்த சந்தங்கள், பிற்காலத்தில் கச்சேரி மேடைகளிலும் இடம் பிடித்துக்கொண்டன. கோயிலை வணங்கிவிட்டு மலையின் பின்புறமாக ஏறினால் வருவது வெட்டுவான் கோயில். எட்டாம் நூற்றாண்டில், பாண்டியர் ஆட்சியில், மலைப் பாறையை மூன்று பக்கமும் சுமார் இருபத்தைந்து அடி ஆழத்துக்கு வெட்டி இறக்கி, நடுவில் நின்ற ஒற்றைப் பாறையையே விமானமாகச் செதுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மேலிருந்து கீழாகச் செய்த வேலை ஆதலால், சிகரம் பூரணமாகப் பொலிய, அடிப்பகுதி உளிபட்ட வடுக்களோடு அப்படியே நின்றுவிட்டது. தந்தையும் மகனுமான இரு சிற்பிகளின் போட்டியில், மகனைத் தந்தையே கொன்றுவிட்டதால் வேலை நின்றது என்று ஊரில் ஒரு கதை உண்டு.

விமானத்தில் உமாமகேசுவரர் இருக்கிறார், அழகான பூதகணங்கள் இருக்கின்றன; என் கண்ணைப் பறித்துக்கொண்டவர் தட்சிணாமூர்த்தி. மற்றக் கோயில்களில் சின்முத்திரையோடு மௌனமாக வீற்றிருக்கும் அந்தக் குரு, இங்கே மிருதங்கம் வாசிக்கிறார். தலை சற்றே சாய்ந்திருக்கிறது. வாத்தியத்தின் இரு முகங்களிலும் கைகள் படிந்திருக்கின்றன. விரல்கள் இப்போதுதான் ஒரு சொல்லை வாசித்து முடித்தவைபோல இருக்கின்றன. ஞானத்தை மௌனத்தால் உபதேசிப்பவரிடம் லயத்தைக் கொடுத்து உட்கார வைத்த அந்தப் பெயர் தெரியாத சிற்பி, சங்கீதத்தை எவ்வளவு பெரிய விஷயமாக மதித்திருக்க வேண்டும்! எட்டயபுரத்தை நோக்கிப் போகும் ஒருவனுக்கு இதைவிட நல்ல சகுனம் வாய்க்காது.

இன்னும் சிறிது மேலே, பராந்தக நெடுஞ்சடையன் காலம் தொட்டுச் சமண முனிவர்கள் தங்கியிருந்த பாறையில், தீர்த்தங்கரர்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். சிங்கத்தோடு நிற்கும் அம்பிகையும், கொடி படர்ந்த பாகுபலியும், நாகம் குடைபிடித்த பார்சுவநாதரும் அங்கே உண்டு. பல உருவங்களின் கீழ் வட்டெழுத்தில் அவற்றைச் செய்வித்தவர் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதும், அவர்களுள் தச்சர், குயவர் போன்ற உழைப்பாளிகளும், குரத்தியர் என்று வழங்கிய பெண் ஆசிரியர்களும் இருப்பதும் மனத்தை மிகவும் நெகிழ்விக்கும் விஷயங்கள். மன்னர்கள் பெயரை மட்டுமே பாடம் பண்ணிய நமக்கு இந்தப் பாறை ஒரு நல்ல பாடசாலை.

கோவில்பட்டிக்கு அருகே இருக்கும் இடைசெவல் சிறிய கிராமம். 1923-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், ஒரு வாரம் முன்பின்னாக இரண்டு குழந்தைகள் இங்கே பிறந்தன. ஒன்று கி. ராஜநாராயணன், மற்றொன்று கு. அழகிரிசாமி. இருவரும் சாகித்திய அகாதமி பரிசு பெற்றார்கள். முன்னவர் கரிசல் வட்டார வழக்குச் சொற்களுக்கு அகராதியே தொகுத்தார். இருவருக்கும் சங்கீதப் பித்து ஏற்றியவர் விளாத்திகுளம் சுவாமிகள் என்ற இசை மேதை. நாகஸ்வரச் சக்கரவர்த்தி காருகுறிச்சி அருணாசலம் தம் வாழ்வின் பிற்பகுதியில் குடியிருந்ததும் கோவில்பட்டியிலேதான். எழுத்தும் இசையும் இங்கே ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசியிருக்கின்றன.

எட்டயபுரத்துக்குள் நுழையும்போது மனம் ஒரு சங்கடத்துக்கு ஆளாகிறது. கயத்தாற்றில் கட்டபொம்மன் மாண்டபோது கும்பினியின் பக்கம் நின்றது இந்தப் பாளையம். பாஞ்சாலங்குறிச்சி நிலங்களில் ஒரு பகுதி இதற்கு வெகுமதியாகவும் கிடைத்தது. கயத்தாற்றிலிருந்து வருகிறவன் அதை மறக்க இயலாது, மறக்கவும் கூடாது. அதே சமஸ்தானம்தான் தமிழுக்கும் சங்கீதத்துக்கும் தாயகமாக விளங்கியது என்பதையும் மறைக்க முடியாது. சரித்திரத்தை நேசிக்கிறவன் இந்த இரண்டையும் ஒருங்கே மனத்தில் தாங்கத்தான் வேண்டும்.

பதினேழாம் நூற்றாண்டில் இங்கே ஆஸ்தான கவியாக இருந்த கடிகைமுத்துப் புலவர், வாசனைத் திரவிய வியாபாரி ஒருவரின் மகனான உமறுவைச் சீடனாக ஏற்றுத் தமிழ் கற்பித்தார். அந்தச் சீடர், முத்துக் கடற்கரையில் செல்வாக்கோடு வாழ்ந்த கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் வேண்டுகோளின்பேரில், நபிகள் நாயகத்தின் சரிதத்தை 5,000-க்கும் மேற்பட்ட விருத்தங்களில் சீறாப்புராணமாகப் பாடினார். உமறுப்புலவரின் அடக்கத்தலம் இந்த ஊரில் இருக்கிறது.

முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த காலத்தில் ஐரோப்பிய வித்வான் ஒருவரிடம் பிடில் கற்று, அந்த அந்நிய வாத்தியத்தை நம் சங்கீதத்துக்கு இசைவித்தவர். எட்டயபுரம் சமஸ்தானம் அவரை வித்வானாக ஏற்றுக்கொண்டது. தம்பியைத் தேடி வந்த தீட்சிதர், வறண்டு கிடந்த நிலத்தைக் கண்டு இரங்கி அமிருதவர்ஷிணி ராகத்தில் பாட மழை கொட்டியது என்பது ஐதீகம். 1835-ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளில் அவர் இங்கேயே சித்தியடைந்தார். அவருடைய சமாதியில் நான் சென்றபோது வேறு யாரும் இல்லை.

அவர் பரம்பரையில் வந்த சுப்பராம தீட்சிதர், குடும்பச் சொத்தாகக் காத்துவந்த கீர்த்தனங்களை ஸ்வரப்படுத்தி உலகத்துக்குக் கொடுக்க முதலில் மிகவும் தயங்கினார். சின்னசாமி முதலியார் என்ற கத்தோலிக்க அன்பர், கண் பார்வை மங்கி வந்த நிலையிலும் பிடிவாதமாக வற்புறுத்தி, மகாராஜாவையும் கொண்டு சொல்லச் செய்து, அவரை இணங்க வைத்தார். 1904-இல் இவ்வூர் வித்யா விலாஸினி அச்சகத்தில், தெலுங்கு லிபியில், ஒவ்வொரு கமகத்துக்கும் தனித்தனி அடையாளக் குறிகளோடு, ஏறக்குறைய 1,700 பக்கங்களில் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ வெளிவந்தது. இன்று சென்னைச் சபைகளில் தீட்சிதர் கிருதிகளின் பாடபேதம் பற்றி விவாதம் எழும்போதெல்லாம் வித்வான்கள் திறந்து பார்க்கும் பிரமாண கிரந்தம் அதுதான். அது பிறந்தது இந்தச் சின்ன ஊரின் அச்சு யந்திரத்தில்.

அந்த நூல் வருவதற்கு 22 ஆண்டுகளுக்கு முன், இதே ஊரில் சுப்பிரமணிய பாரதி பிறந்திருந்தான். அவன் பிறந்த வீட்டையும், கல்கியின் முயற்சியால் தமிழ் மக்கள் அனுப்பிய பணத்தில் எழுந்து 1947-இல் ராஜாஜியால் திறக்கப்பெற்ற மணிமண்டபத்தையும் அறியாதவர் இலர் ஆதலால் இங்கே விரிக்கவில்லை.

திருநெல்வேலிக்கோ குற்றாலத்துக்கோ திருச்செந்தூருக்கோ பிரயாணப்படும் அன்பர்களை நான் வேண்டிக்கொள்ளுவது ஒன்று உண்டு. போகிற வழியில் ஒரு முழு நாளை இந்தச் சீமைக்கென்று ஒதுக்குங்கள். பாட்டோ மிருதங்கமோ கற்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களை அவசியம் கூட்டிச் செல்லுங்கள். விடியற்காலையில் கழுகுமலை ஏறுங்கள். வெயில் தாழ்ந்ததும் எட்டயபுரம் சென்று, தீட்சிதர் சமாதியில் அந்தப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு கிருதியாவது பாடச் சொல்லுங்கள்.